பட்டி பார்க்காதீர்கள், ஒட்டிப் பாருங்கள்



நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் படியுங்கள். இல்லாதவர்கள் வழக்கம்போல ஒரு வணக்கம் போட்டுவிட்டுப் போங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் பாதி படித்துவிட்டுச் சண்டைக்கு வரக்கூடாது. வகுப்பில் சொன்னதுதான், கேள்வியை முழுக்கப் படித்த பிறகு பதில் எழுது.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். நன்றாகப் படித்து நல்ல வேலையில் இருக்கிறான், சனி ஞாயிறுகளில் பிள்ளைகளுக்கு மாதிரி விமானம் செய்யச் சொல்லிக்கொடுக்கிறான். பெருமையாக இருந்தது. "சார், பார்த்துட்டு சொல்லுங்க" என்று எழுதியிருந்தான். பார்த்தேன். மர இறக்கையில் விரிசல் விட்டால் என்ன செய்வது என்று இரண்டு நிமிடத்தில் காட்டுகிறான். விரிசல்மேல் ஆப்ப சோடாவைத் தூவுகிறான். அதன்மேல் ஃபெவிக்விக்கைச் சொட்டுகிறான். புகை வருகிறது, நொடியில் கல்லாகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளி நிறப் பெயிண்ட் அடித்து, "விரிசல் இருந்த இடமே தெரியலை பாத்தீங்களா" என்கிறான். கீழே நூற்றுக்கணக்கில் கைதட்டல்.

தம்பி, உன் பெயரைப் போடவில்லை. உனக்கே தனியாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ ஊரைக் கூட்டிச் சொன்ன விஷயத்துக்கு நானும் ஊரைக் கூட்டித்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நீ செய்தது ரிப்பேர் இல்லை. அதற்குப் பெயர் பட்டி பார்ப்பது. அடிபட்ட காரைப் பழைய கார் சந்தையில் விற்பதற்கு முன் செய்வார்களே, அது.

இதில் எனக்கு என்ன இவ்வளவு ஆத்திரம் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன், அது எனக்கு அவமானமான கதை. முதலில் மரத்தைப் பற்றிப் பேசிவிடுவோம்.

மாதிரி விமானத்துக்குப் பயன்படுத்துவது பால்சா மரம். தென் அமெரிக்கா, நடு அமெரிக்கா பக்கத்து மரம், உலகத்துக்கு வருவதில் பெரும்பங்கு ஈக்வடார் நாட்டிலிருந்து. ஆறேழு வருடத்தில் வெட்டும் அளவுக்கு மடமடவென்று வளர்ந்துவிடும். தேக்கு ஒரு கன மீட்டர் சுமார் 650 கிலோ இருக்கும் என்றால், பால்சா சுமார் 150 கிலோதான். 1947-ல் தோர் ஹெயர்தால் பெருவிலிருந்து பசிபிக் கடலில் 101 நாள் மிதந்து போனாரே கோன்-டிக்கி, அந்தக் கட்டுமரம் இந்த மரத்தின் கட்டைகளால் ஆனதுதான். (எட்டாம் வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லி ஒரு பீரியட் கணக்கை விழுங்கியிருக்கிறேன். ஞாபகம் இருப்பவர்கள் மன்னிக்கவும்.)

இவ்வளவு லேசான மரத்துக்கு ஒரு குணம் உண்டு. நார் ஓடும் திசையில் இழுத்தால் எடைக்கு மீறிய பலம் காட்டும். நாருக்குக் குறுக்கே பலம் மிகக் குறைவு, நகத்தாலேயே பிளந்துவிடலாம். அதனால்தான் இறக்கையில் நார் எப்போதும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நீளவாக்கில் ஓடும்படி வைக்கிறோம். விரிசலிலும் இதனால் இரண்டு ஜாதி உண்டு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவன் பசைப் பாட்டிலைத் திறக்கவே கூடாது.

ஒன்று, நாரோடு ஓடும் பிளவு. இறக்கையின் பின்விளிம்பில் அடிபட்டால் இது வரும். வெயிலில் காய்ந்து, மழையில் ஊறி, மறுபடி காயும்போதும் வரும், ஏனென்றால் மரம் ஈரத்துக்கு நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது, அகலவாக்கில்தான் உப்பிச் சுருங்கும். இந்தப் பிளவு பார்க்கப் பயமாக இருக்கும், இறக்கை ஒன்றரை சாண் நீளத்துக்குக் கிழிந்த மாதிரி. ஆனால் நார்கள் அறுபடவில்லை, பக்கத்துப் பக்கத்து நார்கள் கைவிட்டிருக்கின்றன, அவ்வளவுதான். அப்படியே விட்டால் இறக்கை முறுக்கிக்கொள்ளும், வேகத்தில் பின்விளிம்பு படபடவென்று அடிக்கும். ஒட்டினால் பழையபடி ஆகிவிடும்.

இன்னொன்று, நாருக்குக் குறுக்கே விழுந்த கீறல். பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி, ஒரு தலைமுடி அளவுக்கு, இரண்டு செ.மீ. நீளத்தில் இருக்கும். இதுதான் எமன். விமானம் பறக்கும்போது காற்று இறக்கையை மேலே தூக்குகிறது, நடுவிலே உடல் பாகம் தன் எடையால் கீழே இழுக்கிறது. இறக்கை வில் மாதிரி மேல்நோக்கி வளையும். வளைந்தால் மேற்பரப்பு நெருக்கப்படும், அடிப்பரப்பு இழுபடும். அடியில் குறுக்காக ஒரு கீறல் இருந்தால் ஒவ்வொரு முறை வளையும்போதும் அது வாய் திறக்கும். அந்த வாய்க்குள் என்ன பவுடரை அடைத்தாலும் இழுவையைத் தாங்காது. அறுந்த கயிற்றின் இரண்டு முனைக்கும் நடுவே மாவு பிசைந்து வைத்துவிட்டுக் கிணற்றில் வாளியை இறக்குவீர்களா?

வீடியோவில் நீ காட்டியது எந்த ஜாதி விரிசல், தம்பி? நீ சொல்லவே இல்லை. நீ பார்த்தாயா என்பதே எனக்குச் சந்தேகம்.

அடுத்தது எடை. ஒரு சின்ன கிளைடர் 90 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நடுவிலிருந்து 40 செ.மீ. தள்ளி, ஒரு பக்க இறக்கை முனையருகே 6 கிராம் பட்டி வைத்தால் எடை மையம் எவ்வளவு நகரும்? ஆறு பெருக்கல் நாற்பது, 240. மொத்த எடை 96. வகுத்தால் இரண்டரை. இரண்டரை செ.மீ. அந்தப் பக்கமாக நகர்ந்துவிடும். எறிந்த உடனே விமானம் அந்தப் பக்கம் சாய்ந்து சுற்றிச் சுற்றித் தரையில் விழும். பிள்ளை உடனே "நான் சரியா எறியலை" என்று நினைத்துக்கொள்ளும். ஆறு கிராம் என்பது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான வீட்டுச் சுவர்ப் பட்டி. எம்-சீலும் அப்படித்தான், குடத்தின் ஓட்டையை அடைக்க அருமையான பொருள், இறக்கை என்ன குடமா?

அடுத்து, உப்புத்தாள். இது கையால் செய்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். சோடாவும் ஃபெவிக்விக்கும் சேர்ந்து கல் மாதிரி இறுகிவிடும். பக்கத்தில் பால்சா, ரொட்டி மாதிரி மென்மை. இரண்டின்மேலும் ஒரே உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்தால் எது முதலில் கரையும்? மரம்தான். கல் அப்படியே மேடாக நிற்கும், இரண்டு பக்கமும் பள்ளம் விழும். மேட்டைக் குறைக்கிறேன் என்று தேய்க்கத் தேய்க்க நல்ல மரம்தான் மெலிகிறது. இறக்கை அந்த இடத்தில் முன்பைவிட மெல்லியதாகி, கல்லின் ஓரத்திலேயே அடுத்த விரிசல் வரும். வந்த பிறகு "மரம் சரியில்லை" என்பார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு. பட்டி உள்ளே போய்விட்டால் அப்புறம் பசை உள்ளே போகாது. மரமும் மரமும் நேராகத் தொட்டால்தான் பசைக்கு வேலை. நடுவே தூளோ பெயிண்டோ சுண்ணாம்போ உட்கார்ந்துவிட்டால் பிறகு எந்த ஆசாரியைக் கூப்பிட்டாலும் அவர் அந்த இடத்தை வெட்டி எறியத்தான் சொல்வார். ஆக, பட்டி பார்ப்பவன் அன்றைக்கு ரிப்பேர் செய்யாமல் விட்டதோடு நிற்பதில்லை, நாளைக்கு வேறொருவன் செய்யக்கூடிய ரிப்பேரையும் கெடுத்துவிட்டுப் போகிறான்.

ஃபெவிக்விக்கை நான் எதிரியாக நினைப்பதாக எண்ண வேண்டாம். மைதானத்தில், மூன்று மணி வெயிலில், பிள்ளைகள் வட்டமாக நின்று பார்க்கும்போது ஒரு மெல்லிய பிளவுக்கு ஒரு சொட்டு விடுவது நியாயம்தான். மெல்லியதாக இருப்பதால் முடி அளவு இடைவெளிக்குள் தானாகவே இழுத்துக்கொண்டு ஓடும். ஆனால் அது இறுகினால் விறைப்பு, வளையாது. பருத்தித் துணியில் பட்டால் சூடாகிச் சுட்டுவிடும். சோடாவோடு சேரும்போது வரும் புகை கண்ணை எரிக்கும். பத்து வயசுப் பிள்ளைகள் முகத்தைக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யும் இடத்தில் இதையா காட்டுவது?

சரி, குறை சொல்லிக்கொண்டே இருக்கிறீர்களே, எப்படித்தான் செய்வது என்று கேட்பீர்கள். நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். இரண்டு நிமிடத்தில் முடியாது. இரண்டு நாள் ஆகும்.

முதலில் இறக்கையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடியுங்கள். மெல்லிய பால்சாவில் விரிசல் ஒளிக்கோடாகத் தெரியும். பிறகு இரண்டு கையாலும் மெதுவாக, மெதுவாக என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள், வளைத்துக் காதருகே வைத்துக் கேளுங்கள். நல்ல மரம் சத்தம் போடாது. எங்கேயோ 'டிக்' என்றால் நீங்கள் பார்த்த விரிசலைத் தவிர இன்னொன்று ஒளிந்திருக்கிறது. முனை எங்கே முடிகிறதோ அங்கே பென்சிலால் புள்ளி வையுங்கள். கண்ணுக்குத் தெரியும் முனைக்கு அப்பாலும் விரல் அகலம் ஓடியிருக்கும் என்று வைத்துக்கொள்வது நல்லது. மேலே காகிதமோ டேப்போ பெயிண்டோ இருந்தால் அந்த இடத்தில் மட்டும் எடுத்துவிடுங்கள். மூடி இருக்கும் புண்ணுக்கு மருந்து போட முடியாது.

நாரோடு ஓடும் பிளவென்றால் சாதாரண வெள்ளைப் பசை, ஃபெவிகால், அதுவே போதும். சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் கொஞ்சம் இளக்கிக்கொள்ளுங்கள். இறக்கையை லேசாக வளைத்துப் பிளவைத் திறந்து, பழைய பிளேடின் ஓரத்தால் பசையை உள்ளே தள்ளுங்கள். வளைப்பதும் விடுவதுமாக நாலைந்து தடவை செய்தால் பிளவு மூச்சு விடுகிற மாதிரி பசையை உள்ளே இழுத்துக்கொள்ளும். வெளியே வழிவதை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், காய்ந்த பிறகு தேய்க்கலாம் என்று விட்டால் முன்னே சொன்ன மேடு பள்ளக் கதைதான். கீழே பால் கவரை விரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இறக்கை பலகையோடு ஒட்டிக்கொண்டு புது வம்பு வரும்.

மேலே பாரம் வைக்க வேண்டும். தட்டையான இறக்கை என்றால் புத்தகம். வளைவான இறக்கை என்றால் புத்தகம் வைக்கவே வைக்காதீர்கள், வளைவு நசுங்கிவிடும். துணிப்பையில் மணல் போட்டுச் சின்ன மூட்டையாகக் கட்டி அதை வைத்தால் வளைவுக்கு ஏற்றபடி படிந்துகொள்ளும். ராத்திரி முழுக்க அப்படியே இருக்கட்டும். எடுத்து எடுத்துப் பார்க்கக்கூடாது. (இதுதான் பிள்ளைகளுக்கு மிகக் கஷ்டமான பாடம். பெரியவர்களுக்கும்.)

மறுநாள் நைஸ் உப்புத்தாளை ஒரு கட்டையில் சுற்றி, நார் ஓடும் திசையிலேயே நாலு இழுப்பு. அதன்மேல் பட்டம் விடும் மெல்லிய காகிதத்தில் இரண்டு விரல் அகலப் பட்டையை இளக்கிய பசையால் ஒட்டுங்கள். காகிதம் காயும்போது விறைத்துப் பிடித்துக்கொள்ளும், எடையும் கிட்டத்தட்ட இல்லை.

குறுக்குக் கீறல் என்றால் மேலே சொன்னது எதுவும் செல்லாது. நாரின் வெட்டுமுனையும் வெட்டுமுனையும் நேருக்கு நேர் ஒட்டினால் நிற்காது, வைக்கோல் கட்டின் நுனியை நுனியோடு ஒட்டுவது மாதிரி. கீறல் விழுந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு முனையையும் சாய்வாகச் சீவி, அதே சாய்வில் புதுத் துண்டு பொருத்த வேண்டும். நம்ம ஊர் ஆசாரிகள் உத்திரத்தில் சாய்வு ஜாயின்ட் போடுவார்களே, அதே கணக்கு. மரத்தின் கனத்தைப் போலப் பத்து மடங்கு நீளத்துக்குச் சாய்வு இருந்தால் உத்தமம். மூன்று மி.மீ. கனம் என்றால் மூன்று செ.மீ. சாய்வு. அப்போது நாரின் பக்கமும் பக்கமும் ஒட்டிக்கொள்ளும், இழுவை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மெல்ல மாறும். உடலோடு சேரும் நடுப்பகுதி என்றால் அங்கே மட்டும் இரண்டு டியூப் அரால்டைட். நடுவில் எடை கூடினால் பாதகமில்லை.

இதெல்லாம் முடிந்த பிறகு பட்டி பார்த்துக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது? முன்விளிம்பில் சொட்டை இருந்தால் காற்று வழுக்கி ஓடாது, அதை நிரப்பத்தான் வேண்டும். பால்சாவைத் தேய்த்த தூளையே கொஞ்சம் பசையில் குழைத்து வைத்தால் போதும். வெறும் அமுங்கலாக இருந்தால் அதுகூட வேண்டாம். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, ஈரத்துணிமேல் இஸ்திரிப் பெட்டியின் நுனியைக் காட்டினால் நசுங்கிய நார் உப்பி எழுந்துவிடும். முதல் தடவை பார்க்கும் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள்.

இப்போது மாப்பிள்ளைக்கு வருகிறேன். என் தங்கை மகளின் வீட்டுக்காரர், இந்தப் பதிவைப் படிப்பார், படித்துச் சிரிப்பார், நல்ல மனுஷன். தீபாவளிக்கு வந்தபோது பையன் இறக்கை பிளந்த கிளைடரை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். மாப்பிள்ளை ஃபோனை எடுத்து, "விடுங்க மாமா, ஸ்பேர் இறக்கை ஆர்டர் போட்டா ரெண்டு நாள்ல வந்துடும், உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. விலையும் பெரிய விலை இல்லை. நானும் சில நேரம் அதைத்தான் சொல்வேன். நடுத்தண்டு இரண்டாக முறிந்து நொறுங்கிப் போயிருந்தால் ரிப்பேர் செய்கிறேன் என்று உட்கார்வது முட்டாள்தனம்.

ஆனால் மாப்பிள்ளை, பையன் முகத்தை நீங்கள் பார்க்கவில்லை. அவன் என்னிடம் கேட்டது புது இறக்கை இல்லை. "தாத்தா, இது ஏன் இங்க மட்டும் பிளந்துச்சு?" என்று கேட்டான். நீங்கள் கேட்காத கேள்வியை ஏழாம் வகுப்புப் பையன் கேட்டான். இரண்டு நாளில் புது இறக்கை வரும், அந்தக் கேள்விக்குப் பதில் பார்சலில் வராது. ஜன்னலில் பிடித்துப் பார்த்தோம். பிளவு ஆரம்பித்த இடத்தில் ரப்பர் பேண்ட் கட்டும் ஓரம். ஒவ்வொரு முறை தரையில் இறங்கும்போதும் ரப்பர் பேண்ட் அந்த விளிம்பிலேயே அறுத்திருக்கிறது. புது இறக்கை போட்டிருந்தால் அதுவும் ஒரு மாதத்தில் அங்கேயே பிளந்திருக்கும். அவனே ஒரு ஐஸ் குச்சியைச் சீவி அந்த விளிம்பில் ஒட்டினான்.

"மரம் சரியில்லை, மழை, பசை மட்டம்" என்று சொல்வது நம்ம ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. இரண்டாம் உலகப்போரில் இங்கிலாந்துக்காரர்கள் மரத்திலேயே ஒரு போர் விமானம் செய்தார்கள், பெயர் மஸ்கிட்டோ, கொசு. 1940 நவம்பரில் முதலில் பறந்தது. நடுவில் பால்சா, இரண்டு பக்கமும் பிர்ச் மரத்து மெல்லிய பிளைவுட், பசையால் ஒட்டி அழுத்தியது. நாற்காலி மேசை செய்கிற கம்பெனிகளெல்லாம் அதற்குப் பாகம் செய்து கொடுத்தன. ஆரம்பத்தில் பயன்படுத்திய பசை பாலிலிருந்து எடுக்கும் கேசின். 1944 கடைசியில் நம் இந்தியப் பக்கத்தில் இந்த விமானங்கள் சில வரிசையாக விழுந்தன. என்ன சொன்னார்கள்? இந்திய வெயில், இந்திய மழை, பசை தாங்கவில்லை. ஆராயப் போனவர்களின் முதல் அறிக்கையும் பசைமேல் தப்பில்லை, மழைக்காலம்தான் காரணம் என்றது. பின்னால் நடந்த விசாரணைகளில், மழைக்காலத்தையே பார்க்காத விமானங்களிலும் அதே கோளாறு இருந்தது தெரியவந்தது. தொழிற்சாலையிலேயே ஒட்டும் வேலை சரியாக நடக்கவில்லை. ஒட்டியவன் கையில் இருந்த தப்பை நம்ம மழைமேல் போட்டிருக்கிறார்கள்! அதற்குள் எத்தனை உயிர்.

இனி என் கதை.

1996 என்று நினைக்கிறேன், 97 ஆகவும் இருக்கலாம். கோவில்பட்டிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் இருந்தேன். என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்த நண்பர் ஒருவர் மிச்சமான பால்சாத் தகடுகள் கொஞ்சம் கொடுத்தார். தங்கம் மாதிரி வைத்திருந்தோம். தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து வரும் அம்மாக்கள் எட்டிப் பார்த்துவிட்டு "இம்புட்டு வெள்ளை மரத்தை நாங்க பாத்ததில்ல" என்பார்கள், மரத்தைக் குச்சியாகவே பார்த்துப் பழகியவர்கள். எட்டாம் வகுப்புப் பையன்கள் ஆறு பேர் சேர்ந்து மூன்றடி இறக்கையில் ஒரு கிளைடர் செய்தார்கள். அறிவியல் கண்காட்சிக்கு.

கண்காட்சிக்கு முதல் நாள் சாயங்காலம் அவர்களில் ஒருவன் வந்து, "சார், இறக்கைக்கு அடியில ஒரு கீறல் இருக்கு" என்றான். பார்த்தேன். நடு ஜாயின்டிலிருந்து நாலு விரல் தள்ளி, நாருக்குக் குறுக்கே, ஒரு முடி. யாரோ புத்தகப் பையைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். எனக்கு அப்போதே தெரியும். மேலே இவ்வளவு எழுதினேனே, அதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும். ஆனால் மறுநாள் காலை எட்டு மணிக்கு பஸ். பள்ளிக்கூடத்துக்கு அப்போது வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள், பெயிண்டர் வைத்துவிட்டுப் போன பட்டி டப்பா வராண்டாவில் இருந்தது. விரலால் எடுத்து அப்பினேன். தேய்த்தேன். வெள்ளிப் பெயிண்ட் அடித்தேன். இடமே தெரியவில்லை. அந்தப் பையன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். "நிக்குமா சார்?" என்று ஒரு தடவை கேட்டான். "எல்லாம் நிக்கும்" என்றேன்.

கண்காட்சியில் மேசைமேல் இருந்தவரை எல்லாரும் பாராட்டினார்கள். அதிகாரிகள் தடவிப் பார்த்து "நல்ல ஃபினிஷிங்" என்றார்கள். பிறகு மைதானத்தில் பறக்கவிட்டுக் காட்டச் சொன்னார்கள். எறிந்தது அதே பையன். அவன்தான் எங்களில் நன்றாக எறிவான். கையை விட்டு இரண்டு நொடி நேராகப் போனது, அழகாக மேலே ஏறியது, ஒரு 'டப்' சத்தம். இடது இறக்கை மேல்நோக்கி மடிந்து உடலோடு ஒட்டிக்கொண்டது. மூக்கு குத்தித் தரையில்.

சுற்றிச் சிரிப்பு. நான் என்ன செய்தேன் தெரியுமா? அத்தனை பேர் முன்னால் அந்தப் பையனைப் பார்த்து, "ஏலே, கையில பலம் இருக்குன்னு இப்படியா எறிவ?" என்று கத்தினேன்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. "நீங்கதான் சார் பட்டி வச்சீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து என் பையில் வைத்தான். பஸ்ஸில் மற்ற ஐந்து பேரும் அவனோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. அதன்பிறகு அவன் மைதானத்துக்கு வந்தாலும் எறிய வரமாட்டான், ஓரமாக உட்கார்ந்து ரப்பர் பேண்ட் எடுத்துக் கொடுப்பான்.

வீடியோ போட்ட தம்பிக்கு இப்போது புரிந்திருக்கும், உன் இரண்டு நிமிட வீடியோவைப் பார்த்து எனக்கு ஏன் கை நடுங்கியது என்று. பிசகியது ஒரு பொம்மை இறக்கை, உயிர் ஒன்றும் போகவில்லை என்று எனக்கு நானே பல வருடம் சொல்லிக்கொண்டேன். உன் வகுப்பில் பத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நீ சோடா தூவிய இறக்கை மடிந்து விழும் நாளில் அதை எறிந்த கை யாருடையதாக இருக்கும் என்று யோசித்துக்கொள். அந்த வீடியோவை எடுத்துவிடு என்று சொல்லமாட்டேன். இன்னொன்று எடு. இரண்டு நாள் வேலையை இரண்டு நாளாகவே காட்டு. மணல் மூட்டையைக் காட்டு. கைதட்டல் குறையும், குறையட்டும்.

அந்தப் பையன் இப்போது பையன் இல்லை, நாற்பதைத் தாண்டியிருப்பான். இங்கே என் நட்பு வட்டத்தில் இருக்கிறான். பொங்கலுக்கும் ஆசிரியர் தினத்துக்கும் தவறாமல் வணக்கம் போடுகிறான். ஒவ்வொரு முறையும் பதிலுக்கு வணக்கம் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். அப்பா, பெயர் எழுதவில்லை, உனக்குத் தெரியும். அன்றைக்குத் தப்பு உன் கையில் இல்லை, என் விரலில் இருந்தது. எனக்கு அது எறிவதற்கு முன்பே தெரியும். மன்னித்துக்கொள்.

அந்த இறக்கை இன்னும் என் வீட்டுப் பரணில் இருக்கிறது. போன வாரம் இறக்கிப் பட்டியைச் சுரண்டிப் பார்த்தேன். நாருக்குள்ளே வெள்ளையாக ஏறிவிட்டது, ஒட்ட முடியாது, இரண்டு பக்கமும் சாய்வாக வெட்டிப் புதுத் துண்டு வைக்க வேண்டும். பால்சாத் தகடு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். கண் முன்போல் இல்லை, மூன்று செ.மீ. சாய்வைச் சீவ இன்னொரு ஆள் பிடித்துக்கொண்டால் நன்றாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில்தான் இருப்பேன். வீடு மாறவில்லை, அதே தெரு, வாசலில் அதே வேப்பமரம்.